பிசானப் பருவ நெல்லுக்குள்ள வீசின உளுந்து மஞ்சளடிக்குது
அண்ணாச்சிமாரே, சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம், ஒன்றரை ஏக்கர். பிசான நெல் அறுக்க ஆறு நாள் முன்னாடி ஈரத்துலயே ஆடுதுறை 3 ரக உளுந்து வீசினேன், ஏக்கருக்கு 12 கிலோ. அறுவடை மெஷின் ஓடின தடம் பொட்டலாப் போச்சு, அது என் அவசரம்.

இப்போ 26 நாள். மிச்சச் செடியும் வளராம நிக்கி, அடியிலை மஞ்சளாகி உதிருது. மஞ்சள் தேமல் நோய்த் திட்டு இல்ல, அதைப் பரப்புற வெள்ளை ஈயும் தட்டுப்படல. ஒண்ணைப் பிடுங்கினேன்: வேர் விரல் நீளம்தான். வேர் முடிச்சை நசுக்கினா, வேலை செய்யுற முடிச்சுல இருக்க வேண்டிய சிவப்பே உள்ளே இல்ல, சாம்பல் நிறம். முடிச்சு உண்டாக்குற ரைசோபியம் நுண்ணுயிர் உரம் கலக்காம விதைச்சேன், கடைக்காரர் தேவையில்லன்னாரு.

தேங்கின தண்ணிய வடிச்சாச்சு. டிஏபி உரத்த ராத்திரி ஊறவச்சு, தெளிவை எடுத்து 2 சதவீதக் கரைசலா அடிச்சு எட்டு நாளாச்சு. மாற்றமில்ல.

இதைக் காப்பாத்தலாமா, இல்ல உழுதுட்டு எள்ளு விதைக்கவா?