அம்மாவின் நுரையீரலில் 7 மி.மீ. நாட்யூல்

2024-இல் அம்மாவுக்கு விடாத இருமல். சி.டி. ஸ்கேன் எடுத்ததில் வலது நுரையீரல் மேல் மடலில் 7 மி.மீ. நாட்யூல் (சின்னக் கட்டி போன்ற புள்ளி) என்று வந்தது. இருமல் மருந்திலேயே நின்றுவிட்டது. ஆனால் அந்த ஒரு வரி எங்கள் யாரையும் தூங்கவிடவில்லை. சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு உடனே பெட் ஸ்கேன் (புற்றுநோய் இருந்தால் ஒளிர்ந்து காட்டும் ஸ்கேன்) எடு, பயாப்ஸி (துளி சதை எடுத்துச் சோதிப்பது) பண்ணு என்றார்கள்.

நுரையீரல் டாக்டர் முதலில் கேள்வியாகத்தான் கேட்டார். வயது 58, புகைப்பழக்கம் இல்லை, குடும்பத்தில் யாருக்கும் நுரையீரல் புற்றுநோய் இல்லை. முன்பு டி.பி. வந்ததா? வந்தது, கல்யாணத்துக்கு முன்னால். அப்புறம் படத்தைக் காட்டினார். ஓரம் வழவழப்பாக இருந்தது. முள் முள்ளாக இருந்தால்தான் கவலை அதிகமாம். மேல் மடலில் இருப்பது சந்தேகத்தைக் கொஞ்சம் கூட்டும், ஆனால் டி.பி. தழும்பும் பெரும்பாலும் அங்கேதான் விழும் என்றார். பெட் ஸ்கேன் இப்போது வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். 8 மி.மீ.க்குக் கீழே அதை அவ்வளவாக நம்ப முடியாது, டி.பி.யும் அதில் ஒளிரும். டி.பி. நிறைய இருக்கும் நம் ஊரில் இது சின்ன விஷயமே இல்லை.

நெஞ்சு ஸ்கேன் நிபுணர்களின் சர்வதேச அமைப்பான ஃப்ளைஷ்னர் சொசைட்டியின் 2017 வழிகாட்டுதல்படி 6 முதல் 8 மி.மீ. வரையான கெட்டி (முழுக்க அடர்த்தியான) நாட்யூல் ஒன்றுதான் இருந்தால் 6 – 12 மாதத்தில் மறுபடி சி.டி. எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குள் “பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டார். கோவிட் சமயத்தில், 2021-இல் எடுத்த சி.டி. ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி தட்டு பீரோவில் கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதே இடம், அதே அளவு! பழைய ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கெட்டி நாட்யூல் இரண்டு வருடத்துக்கு மேல் வளராமல் இருந்தால் அநேகமாகப் பயமில்லை என்றார். ரிப்போர்ட் தாளோடு நிற்காமல் சிடியையும் கேட்டு வாங்கி வையுங்கள். எங்களுக்கு பயாப்ஸியைத் தவிர்த்தது அதுதான்.

ஆனால் “சின்னதுதானே” என்று எல்லோரும் விட்டுவிடவும் கூடாது. அப்பாவின் அண்ணன் பல வருடம் பீடி குடித்தவர். அவருக்கு 11 மி.மீ., ஓரம் முள் முள்ளாக. மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் வளர்ந்திருந்தது. பயாப்ஸியில் புற்றுநோய் என்று உறுதியானது. ஆரம்பக் கட்டம் என்பதால் அந்த மடலை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். இப்போது நடமாடுகிறார், செக்கப்புக்குத் தவறாமல் போகிறார், பீடியை அடியோடு விட்டுவிட்டார்.