தெற்குத் தெரு வீட்டுக் குழு: கேபினெட் எது?

வெள்ளி, மதியம் 3:12

முத்து: நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நிற்கிறேன். திவ்யாவின் புதுக் கம்ப்யூட்டருக்கு போர்டு, பிராசசர், கூலர், கிராபிக்ஸ் கார்டு, கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் எல்லாம் வாங்கியாயிற்று. இதையெல்லாம் உள்ளே மாட்டுகிற கேபினெட் மட்டும் பாக்கி. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்

முத்து: (படம்)

முத்து: (படம்)

முத்து: முதலாவது முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் விளக்கு விசிறி 3. இரண்டாவது கறுப்பு, முன்பக்கம் கம்பி வலை. மூன்றாவது மூடின தகரப்பெட்டி. அதற்கு எஸ்எம்பிஎஸ் இலவசமாம்

ராஜாமணி: மூன்றாவது.

முத்து: அப்பா, எஸ்எம்பிஎஸ் ஏற்கெனவே வாங்கிவிட்டேன்

ராஜாமணி: திருப்பிக் கொடு. இலவசம் என்கிறார்களே

திவ்யா: அத்தான் வெள்ளை மீன்தொட்டி மாடல் இல்லையா

முத்து: இருக்கிறது. விலையைச் சொன்னால் நீயே வேண்டாம் என்பாய்

செல்வி: முத்து, காதுகுத்துக்குக் கம்மல்?

முத்து: காலையிலேயே தி.நகர் போய் வாங்கிவிட்டேன் அக்கா. பட்டுப் பாவாடையும் ஆச்சு

செல்வி: தாய்மாமன் என்றால் இப்படி இருக்க வேண்டும்

கலா: எந்தப் பெட்டியானாலும் நம் பழைய கம்ப்யூட்டர் மேசைக்குள் போய் நிற்க வேண்டும். கதவு மூட வேண்டும். ஹாலில் வயர் தொங்குவது எனக்கு ஆகாது

செந்தில்: முத்து, பில் போடாதே. தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்

ராஜாமணி: போச்சு

செந்தில்: மூன்றாவதைத் தொடவே வேண்டாம். பெட்டியோடு சும்மா வருகிற எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் வாட் கணக்கை நம்பி 4060 கார்டு மாட்ட முடியாது. இரண்டாவது விஷயம் சூடு. திவ்யா பிளெண்டர் என்கிற 3டி மென்பொருளில் ரெண்டர், அதாவது படத்தை உருவாக்குகிற வேலையைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிற பிள்ளை. விடிய விடிய ஓடும். கார்டு 115 வாட். பிராசசர் ரைசன் 5 7600, பெயருக்கு 65 வாட், முழு வேலையில் 88 வரை இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் 200 வாட் குண்டு பல்பை ஒரு பெட்டிக்குள் போட்டு இரவெல்லாம் எரிய விட்ட மாதிரி. அந்தச் சூட்டுக் காற்று வெளியே போக வழியும், புதுக் காற்று உள்ளே வர வழியும் இருக்கிறதா என்பதுதான் கேபினெட் விஷயத்தில் முதல் கேள்வி. கலரெல்லாம் அப்புறம். இன்னொன்று, விசிறி எத்தனை வைத்தாலும் அறையை விடக் குளிர்ச்சியாக்காது. அறை 28 டிகிரி இருக்கும்போது பிராசசர் 70 காட்டினால், சித்திரை மாதம் நம் மதுரை வீட்டில் அறை 36 ஆகும்போது 78 பக்கம் காட்டும். அதற்கு உச்சவரம்பு 95. அதைத் தொட்டால் எரிந்து போகாது, தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விடியலில் முடிய வேண்டிய ரெண்டர் மதியம் வரை இழுக்கும்.

ராஜாமணி: ஆக எரியாது. மூன்றாவதே போதும்.

திவ்யா: பெரிய மாமா!!

பாண்டியன்: மச்சான் சொல்வதை வாங்கு முத்து

கலா: நீங்கள் ஆபீஸில் வேலையைப் பாருங்கள்

முத்து: சித்தப்பா, முதலாவதா இரண்டாவதா, அதை மட்டும் சொல்லுங்கள். கடையில் கூட்டம்

செந்தில்: சொல்கிறேன். கண்ணாடி மாடலில் கண்ணாடிக்கும் விசிறிக்கும் நடுவே விரலை விட்டுப் பார்

முத்து: ஒரு விரல் போகிறது. கடைப் பையன் முறைக்கிறான்

செந்தில்: முறைக்கட்டும். மூன்று விசிறியும் அந்த ஒரு விரல் சந்திலிருந்துதான் காற்றை இழுக்க வேண்டும். விளக்கு நன்றாக எரியும், காற்று வராது. அந்த விசிறியின் வயர் முனை எப்படி இருக்கிறது? சின்னதாக 3 துளையா, 4 துளையா, பெரிய மோலெக்ஸா?

முத்து: பெரிய வெள்ளை மோலெக்ஸ்

செந்தில்: அப்படியென்றால் அதை போர்டில் சொருக முடியாது. நேராக எஸ்எம்பிஎஸ்ஸில்தான். எந்நேரமும் முழு வேகம், எந்நேரமும் இரைச்சல். வலை மாடலில்?

முத்து: 3 துளை. முன்னால் 2, பின்னால் 1, மூன்றுமே 120 மி.மீ.

செந்தில்: போதும். போர்டின் பயோஸ் அமைப்பில் விசிறியை டிசி என்று வைத்தால் 3 பின் விசிறியும் வேகம் குறையும். இப்போது போன் டார்ச்சை வலைக்கு வெளியே பிடித்துப் பார். விசிறி இறக்கை தெரிகிறதா?

முத்து: தெரிகிறது. நடுவில் இருக்கிற கம்பெனி முத்திரைகூடப் படிக்க முடிகிறது

செந்தில்: வெளிச்சம் அவ்வளவு சுலபமாகப் போனால் காற்றும் போகும். சில மாடலில் வெளியே வலை போல இருக்கும், உள்ளே பிளாஸ்டிக் தகடு அடைத்திருக்கும். அதற்குத்தான் டார்ச். அப்புறம் முன் விசிறிகளின் சட்டத்தில் குறுக்குக் கம்பி இருக்கிற பக்கம் பெட்டிக்கு உள்ளே பார்த்தும், பின் விசிறியில் வெளியே பார்த்தும் இருக்க வேண்டும். காற்று அந்தப் பக்கமாகத்தான் வெளியேறும். முன்னால் இரண்டு உள்ளே தள்ளி, பின்னால் ஒன்று வெளியே தள்ளினால் பெட்டிக்குள் காற்றழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். தூசி கண்ட சந்தில் நுழையாமல் முன் வலை வழியாக மட்டும் வரும். அதை மாதம் ஒரு தடவை கழற்றித் தட்டினால் சரி.

ராஜாமணி: இவ்வளவு தெரிந்த நீதான் 2005-ல் எங்களுக்கு ஒரு சிபியு மாட்டிக் கொடுத்தாய். ஆயுசு முழுக்கப் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து டேபிள் ஃபேன் போட்டுத்தான் ஓட்டினோம்

செல்வி: ஹாஹா ஆமாம். ஃபேன் சிபியுவுக்கு. வியர்வை எங்களுக்கு

முத்து: உள்ளே பல்லி முட்டை வைத்திருந்தது ஞாபகம் இருக்கிறதா

கலா: அந்தப் பக்கத் தகட்டில்தான் அம்மா இன்னும் வடகம் காயவைக்கிறாள். மொட்டைமாடியில் கிடக்கிறது

செந்தில்: அது பென்டியம் 4, பிரெஸ்காட். சும்மா இருக்கும்போதே கொதிக்கும். அடுத்த வருஷம் கோர் 2 வந்த பிறகுதான் இன்டெல்லே அந்தச் சூட்டிலிருந்து தப்பித்தது. நான் அப்போதே பின்னால் விசிறி வைத்த கேபினெட்டைக் காட்டினேன். 800 ரூபாய் கூட என்று அண்ணன்தான் வேண்டாம் என்றார்கள்

ராஜாமணி: 800 ரூபாயைப் பற்றி யார் பேசுவது. உன் கடைக்கு அப்பா

ராஜாமணி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா: இங்கே பாருங்கள், அந்தக் கதை வேண்டாம். இது பிள்ளைகளும் இருக்கிற குழு

செந்தில்: நான் ஒன்றும் ஆரம்பிக்கவில்லை

செல்வி: ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலுக்கு வேன் 7 மணிக்கு. எல்லாரும் நேரத்துக்கு வந்துவிடுங்கள். சித்தி, நீங்கள் கோவையிலிருந்து சனி இரவே வருகிறீர்கள்தானே?

மீனா: வருகிறோம் செல்வி. சாப்பாடு எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாய்?

செல்வி: 60. மாமியார் வீட்டில் 80 என்கிறார்கள்

ராஜாமணி: 60 போதும்.

முத்து: நான் இன்னும் கடையில்தான் நிற்கிறேன்

3:41

செந்தில்: சரி. இரண்டாவதன் அளவைச் சொல். கூலர் உயரம் எவ்வளவு வரை? கார்டு நீளம் எவ்வளவு வரை?

முத்து: கூலர் 165 மி.மீ., கார்டு 330 என்று ஸ்டிக்கரில் இருக்கிறது

திவ்யா: நம் கூலர் 155, கார்டு 245. நான் போன வாரமே பார்த்து வைத்தேன்

செந்தில்: சபாஷ். போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸ், 244-க்கு 244. கேபினெட் ஏடிஎக்ஸ், 305 உயரப் போர்டுக்கு. சின்னது பெரியதில் உட்காரும். ஒன்றே ஒன்று, உள்ளே நட்டிருக்கும், போர்டைத் தாங்குகிற பித்தளை ஸ்டாண்ட்-ஆஃப் எல்லாம் போர்டின் ஓட்டைக்கு நேராக இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று நின்றால் போர்டின் அடியில் இடித்து ஷார்ட் ஆகும். அதைக் கழற்றி வேறு இடத்தில் நட வேண்டும்.

கலா: இதையெல்லாம் இவள் எதற்குப் பார்க்க வேண்டும்? கடையிலேயே மாட்டிக் கொடுத்துவிடட்டும். ஒரு ஸ்க்ரூ தொலைந்தால் வீட்டையே புரட்டுவாள்

திவ்யா: அம்மா நான்தான் மாட்டுவேன்

பாண்டியன்: அவளே மாட்டட்டும்

கலா: ஆபீஸில் வேலையே இல்லையா உங்களுக்கு?

செந்தில்: கலா, மாட்டிக் கொடுத்தாலும் முத்து அதை ரயிலில் தூக்கி வர வேண்டும். கூலரும் கார்டும் போர்டில் தொங்கிக்கொண்டே வரும். பெட்டியை யாராவது சாய்த்துத் தூக்கினால் கார்டு சொருகியிருக்கிற ஸ்லாட் போய்விடும். தனித்தனியாக வரட்டும், அங்கே மாட்டிக்கொள்ளலாம். அதனால்தான் மாட்ட வசதியான பெட்டியாகப் பார்க்கச் சொல்கிறேன். முத்து, கண்ணாடி இல்லாத பக்கத் தகட்டையும் கழற்றச் சொல்

முத்து: கழற்றியாச்சு. கையாலேயே திருகுகிற ஸ்க்ரூ

செந்தில்: நல்லது. போர்டு உட்காருகிற தகட்டுக்குப் பின்னால் எத்தனை இடம்?

முத்து: பையன் ஸ்கேல் தந்தான். 22 மி.மீ.

செந்தில்: எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்குப் போகிற 24 பின் வயர் தடிமனானது. அது அந்தச் சந்தில்தான் போக வேண்டும். 15 மி.மீ. மட்டும் இருந்தால் தகட்டை மூட ஒருவர் ஏறி உட்கார வேண்டும். 22 சௌகரியம். பிராசசர் வருகிற இடத்துக்குப் பின்னால் ஜன்னல் மாதிரி வெட்டியிருக்கிறதா? கண்ணாடிப் பக்கமிருந்து பார்த்தால் மேல் இடது மூலையில் ஓட்டை இருக்கிறதா?

முத்து: ஜன்னல் பெரிதாக இருக்கிறது. மூலையில் ஓட்டையும் இருக்கிறது, சுற்றி ரப்பர் இல்லை

செந்தில்: பரவாயில்லை. திவ்யா, குறித்துக்கொள். பிராசசருக்குப் போகிற 8 பின் வயர் அந்த மூலை ஓட்டை வழியாகத்தான் வரும். கூலரை மாட்டிய பிறகு அந்த இடுக்கில் கை போகாது. வயரை முதலிலேயே உள்ளே இழுத்து வைத்துவிட்டு போர்டை இறக்கு. பின்பக்கத்துக்கான மெல்லிய தகடு போர்டோடு தனியாக வந்திருந்தால் அதையும் முதலில் அழுத்தி மாட்டிவிடு. இந்த இரண்டையும் மறந்தவன் போர்டைத் திரும்பக் கழற்றுவான்

திவ்யா: சரி சின்ன மாமா. முன்பக்க ஸ்விட்ச் வயர்?

செந்தில்: பவர் ஸ்விட்ச், ரீசெட் இரண்டுக்கும் திசை கிடையாது. விளக்குக்கு மட்டும் பிளஸ் மைனஸ் பார். போர்டு புத்தகத்தில் படம் இருக்கும். முத்து, பின்னால் கார்டு வருகிற இடத்தில் இருக்கும் தகடுகள் ஸ்க்ரூ போட்டதா, உடைத்து எடுக்கிறதா?

முத்து: எல்லாம் ஸ்க்ரூ

செந்தில்: அப்படித்தான் வேண்டும். உடைத்து எடுத்தால் கார்டை மாற்றும்போது அந்த ஓட்டை திறந்தே கிடக்கும். பல்லி அங்கேதான் நுழையும்

ராஜாமணி: எங்கள் வீட்டுப் பல்லிக்கு ஓட்டையே தேவைப்படவில்லை. வாசலே இருந்தது

செல்வி: அப்பா!

3:58

கலா: அம்மா தையல் டேப்பை எடுத்து மேசையை அளந்துவிட்டாள். உள் அகலம் எட்டரை அங்குலம்

செந்தில்: 21.6 செ.மீ. முத்து, பெட்டி அகலம்?

முத்து: 22

திவ்யா: ஐயோ

ராஜாமணி: 4 மி.மீ.தானே. தச்சரை வைத்து இழைத்துவிடலாம்

கலா: அந்த மேசையையா? அது அப்பாவின் தேக்குக் கட்டிலை அறுத்துச் செய்தது. கட்டிலை அறுக்கச் சொன்னதும் நீங்கள்தான் அண்ணன்

ராஜாமணி: கட்டில் கால் செல்லரித்துப் போயிருந்தது

கலா: ஒரு கால்

மீனா: பேச்சை மாற்றுங்கள்

செந்தில்: இழைத்து உள்ளே நுழைத்தாலும் பிரயோசனம் இல்லை கலா. பின்பக்கம் பலகை, முன்பக்கம் கதவு. பின் விசிறி தள்ளுகிற சூட்டை முன் விசிறி திரும்ப இழுக்கும். வலை மாடல் வாங்கியதே வீண். பெட்டி மேசை மேல் இருக்கட்டும், இல்லையென்றால் பக்கத்தில் ஒரு ஸ்டூல். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. எஸ்எம்பிஎஸ் அடியில் உட்காருவது, அதன் விசிறி கீழிருந்து இழுக்கும், அதனால் துணி விரித்து அதன் மேல் வைக்காதே

கலா: ஹாலில் ஸ்டூலா? வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

திவ்யா: கம்ப்யூட்டர் என்று நினைப்பார்கள்

கலா: அம்மா சொல்கிறாள், மேசைக் கதவைக் கழற்றி எறி என்று

ராஜாமணி: அம்மா சொன்னால் சரி

முத்து: இன்னொரு கேள்வி. இதே மாடல் பக்கவாட்டில் கண்ணாடி இல்லாமல் தகடாகவும் வருமாம். குடோனில் இருக்கிறது, நாளை மதியம்தான் கிடைக்கும். எனக்கு நாளை இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ் ரயில். எதை எடுக்க?

திவ்யா: கண்ணாடி கண்ணாடி கண்ணாடி

கலா: தகடு

செல்வி: சீர்த்தட்டு வேறு ஐந்து இருக்கிறது முத்து, நடுவே கண்ணாடியை எப்படிக் கொண்டுவருவாய்?

செந்தில்: சூட்டுக் கணக்கில் பக்கத் தகடு எதுவானாலும் பெரிய வித்தியாசமில்லை. முன்பக்கம்தான் முக்கியம். கண்ணாடி என்றால் கழற்றும்போது மட்டும் கவனம். டைல்ஸ் தரையில் நிற்க வைக்கவே கூடாது. நடுவில் தட்டினால் தாங்குகிற கண்ணாடி, ஓரம் டைல்ஸில் லேசாக இடித்தால் மொத்தமும் தூளாகிவிடும். பாய் விரித்துப் படுக்கப் போட வேண்டும்

கலா: பார்த்தாயா? தகடு

பாண்டியன்: கண்ணாடியே இருக்கட்டும்

கலா: வீட்டுக்கு வாருங்கள்

முத்து: பில் போட்டாச்சு. கறுப்பு, வலை, பக்கம் கண்ணாடி. இனி யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்

திவ்யா: அத்தான் நன்றி நன்றி

ராஜாமணி: எவ்வளவு?

முத்து: வீட்டில் சொல்கிறேன் அப்பா

செந்தில்: ஞாயிறு விசேஷம் முடிந்து சாப்பிட்டதும் நான் வந்து மாட்டிவிடுகிறேன். ஒரு மணி நேர வேலை

திவ்யா: மாமா நான்தான் மாட்டப் போகிறேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்

ராஜாமணி: பக்கத்தில் சும்மா உட்காருகிற ஆளா அவன்

மீனா: அன்று மாலையே கோவைக்கு பஸ் போட்டிருக்கிறோம். மறந்துவிடாதீர்கள்

செந்தில்: பஸ்ஸை மாற்றிக்கொள்ளலாம்

மீனா: மாற்ற முடியாது

கலா: முதலில் எங்கே வைப்பது என்று முடிவு செய்யுங்கள். ஸ்டூல் கிடையாது

செந்தில்: பார்த்துக்கொள்ளலாம் கலா. முத்து, ஒன்று. பெட்டியைக் கடையிலேயே பிரித்து ஸ்க்ரூ பை உள்ளே இருக்கிறதா பார். அதில் இரண்டு வகை இருக்கும். மெல்லிய மரை எம்3, அகல மரை 6-32. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 6-32. ஒன்றுக்குப் பதில் மற்றதைத் திருகினால் மரை போய்விடும். பில்லில் மாடல் பெயரையும் எழுதச் சொல்

முத்து: சித்தப்பா நான் மெட்ரோ ஏறிவிட்டேன்