விட்டுவிட்டுப் போற கரண்டுக்குப் பேர் வேணும்

எல்லாருக்கும் வணக்கம். ஹைபிரிட் கார் பழுது பாக்கப் பயிற்சி எடுக்குற பசங்களுக்கான புத்தகம் ஒண்ணை மொழிபெயர்த்துட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும், ஒரு பாடத்துக்குத் தலைப்பு மட்டும் அமையல. விஷயம் இதுதான்: வண்டியில கரண்டு சட்டுனு போகும், தானா வந்துரும், ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வந்தா சமத்தா நிக்கும். அதைக் கண்டுபிடிக்கிற வழிதான் பாடம். "இடைவிட்ட மின்திறன் இழப்பு"ன்னு போட்டேன், படிச்ச பசங்க முழிக்கிறாங்க. ஏதாவது சொல்லுங்க.

———

அக்கா, திறன் இழப்பு வேண்டவே வேண்டாம். அந்தச் சொல்லுக்கு இயற்பியல்ல ஏற்கெனவே வேலை இருக்கு, கம்பியில மின்னோட்டம் போகும்போது சூடா வீணாகுதே அதுதான் திறன் இழப்பு. சரி, செய்தித்தாள்ல எழுதுற மாதிரி மின்தடைன்னு வைக்கலாமான்னா அங்கயும் வில்லங்கம், ஓம் கணக்குல அளக்குறதும் மின்தடைதானே. பேட்டரி முனையில உப்பு பூத்து தடை ஏறி அதனால கரண்டு போகுதுன்னு நீங்க எழுதப் போனா "மின்தடையால் மின்தடை ஏற்படும்"னு வந்து நிக்கும்!

———

எங்கட இலங்கைப் பாடப்புத்தகங்களில நீங்கள் திறன் எண்டுறதை வலு எண்டுதான் படிச்சனாங்கள், நீங்கள் ஆற்றல் எண்டுறது எங்களுக்குச் சக்தி. ஆனா வலுவிழப்பு எண்டு போட்டால் வாகனம் இழுவையில்லாமல் திணறுது எண்டு விளங்கிப் போகும், இது முழுக்க நிண்டு போறது. அதால வலுவுக்காக நான் சண்டை பிடிக்க வரேல்லை.

———

அன்பர்களே, வேரைப் பிடித்தால் சொல் தானே வரும். வேர் 'அறு'. உறு என்பது உறவு ஆனதுபோல அறு அறவு ஆகும். மின் + அறவு = மின்னறவு. அறு எவ்வளவு வளமான வேர் என்று பாருங்கள்: அறுவடை, அறுவை, அறல், அறை, அறம் கூட வரையறுத்ததால் வந்தது என்பர். அறுவை என்றால் இன்று எல்லாருக்கும் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும், சங்க காலத்தில் அது ஆடை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று புலவரே இருக்கிறார். துணித்ததால் துணி, அறுத்ததால் அறுவை. ஆகவே மின்னறவு.

———

புலவர் ஐயா, ஜவுளிக்கடை வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டீங்க, நன்றி. ஆனா மின்னறவைப் பிரிக்கிறவன் மின் + நறவுன்னும் பிரிப்பானே? னகர ஒற்றுக்கு முன்னாடி வர்ற ந, ன ஆயிடும், பொன் + நன்று பொன்னன்று ஆகுற மாதிரி. நறவுன்னா கள்ளு. பழுது பாக்குற பாடத்துக்கு "மின்கள்"னு தலைப்பு வைக்கச் சொல்றீங்களா?

———

நான் ஒர்க்‌ஷாப்ல வேலை பாக்குறவன், இலக்கணம் பெருசா தெரியாது, ஆனா நீங்க எந்தக் கரண்டுக்குப் பேர் வைக்கிறீங்கன்னே தெளிவா இல்ல. ஹைபிரிட்ல ரெண்டு இருக்கு. ஒண்ணு பெரிய பேட்டரி, ரெண்டாம் தலைமுறை டொயோட்டா ப்ரியஸ் கார்ல 201.6 வோல்ட், ஆரஞ்சு கேபிள்ல போறது. இன்னொண்ணு சாதாரண 12 வோல்ட். பெரிய பேட்டரியை இணைக்குற ரிலே, அதாவது கரண்டால இயங்குற ஸ்விட்ச், மூடி இணைப்பு குடுக்கணும்னா 12 வோல்ட்தான் அதைப் பிடிச்சு வைக்கணும், வண்டியோட கம்ப்யூட்டருக்கும் அதுதான் சோறு. 12 வோல்ட் ஒரு நொடி தடுமாறினா ரிலே திறந்து இணைப்பு விட்டுரும், பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும் வண்டி பொணம். இப்படிப்பட்ட வண்டிகள்ல பெரும்பாலும் எஞ்சின் சுத்துறதுல கரண்டு எடுக்குற ஆல்டர்னேட்டர் கிடையாது, பெரிய பேட்டரி வோல்ட்டைக் குறைச்சுக் குடுக்குற டிசி-டிசி கன்வெர்ட்டர்தான் 12-ஐ சார்ஜ் பண்ணுது, அதையும் பாக்கணும்.

பசங்க செய்யிற தப்பு என்னன்னா சும்மா நிக்கிற வண்டியில மீட்டர் வச்சு 12.6 காட்டுது நல்லாருக்குன்னு விட்டுடறது. லோடு போட்டு, அதாவது கரண்டு இழுக்க வச்சு அளக்கணும். எர்த் கேபிளோட ரெண்டு முனைக்கும் நடுவுல கரண்டு ஓடும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல விழுந்தா சந்தேகப்படுங்க. ஓம் மீட்டரை நம்பாதீங்க, அத்தனை இழையும் அறுந்து ஒரே இழை ஒட்டிட்டு இருந்தாலும் அது நல்லாருக்குன்னுதான் சொல்லும். மீட்டரைப் பாத்துட்டே வயரிங்கை ஆட்டிப் பாக்கணும், ஆனா ஆரஞ்சு கேபிளை அப்படி ஆட்டக்கூடாது. அதைத் தொடணும்னா பெரிய பேட்டரியைத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கை எடுத்துட்டு, கையேடு சொல்ற நேரம் காத்திருந்து, பல வண்டிக்கு 10 நிமிஷம், 1000 வோல்ட் தாங்குற கிளவுஸ் போட்டு, வோல்டேஜ் இல்லைன்னு அளந்து பாத்துட்டுதான். கம்ப்யூட்டர் காட்டுற எர்ரர் கோடையும் (பழுதுக் குறியீடு) அது பதிவான நேரத்து விவரத்தையும் பேட்டரி கழட்டுறதுக்கு முன்னாடியே எழுதி வச்சுக்கணும், சில வண்டியில கழட்டினா அழிஞ்சுரும். தலைப்பு என்னவோ வைங்க, இது உள்ள இருக்கட்டும்.

———

தம்பி சொன்னதுதான் சரியான வழி. எர்ரர் கோடு பெரிய பேட்டரியில பழுதுன்னு காட்டும், போய்ப் பாத்தா 12 வோல்ட் முனை லூசா இருக்கும். இங்க ஒரு விஷயம் சொல்லாம இருக்க முடியல, பழுது மாதிரியே பழுதைன்னு ஒரு சொல் இருக்கு, வைக்கோல் புரி. இருட்டுல அதைப் பாம்புன்னு நினைச்சுதான்... சரி சரி, வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கு.

———

தலைப்புக்கு வாங்கப்பா. "விட்டுவிட்டு"ன்னு போட்டா யாருக்கும் புரியும், ஆனா எனக்கு ஒரு உறுத்தல், "சாவியை விட்டுவிட்டு வந்தான்"லயும் அதே விட்டுவிட்டுதான். "காரை விட்டுவிட்டு மின்சாரம் போகிறது"ன்னு எவனாவது எழுதித் தொலைப்பான். மருத்துவத்துல முறைக்காய்ச்சல்னு இருக்கேன்னு பாத்தேன், முறைப்பழுதுன்னு வைக்கலாமான்னு. ஒத்துவராது. முறைக்காய்ச்சல் நாள் கணக்கு வச்சு வரும், இந்தப் பழுதுக்கு முறையே கிடையாது, அதுதான் தொல்லை.

———

அப்ப முறையில்பழுது?

———

வேண்டாம். முறையில் பழுதுன்னு பிரிச்சுப் படிச்சா வேலை செஞ்ச முறையிலயே கோளாறுன்னு ஆயிடும், மெக்கானிக் தம்பி கோவிச்சுக்குவார்.

———

என்னால இதுக்கு மேல காத்திருக்க முடியாதுங்க. அஞ்சு பேர் "விட்டுவிட்டு"க்குக் கை தூக்கியிருக்கீங்க, பாதிப் பேர் சலிச்சுப்போய்த் தூக்கினதுன்னு தெரியுது. "விட்டுவிட்டு மின்சாரம் நிற்றல்: பழுது கண்டறிதல்"னு வச்சாச்சு. உள்ள 12 வோல்ட் பகுதி, உயர் மின்னழுத்தப் பகுதின்னு தனித்தனியா பிரிச்சிருக்கேன், தம்பி சொன்னதைப் பெரும்பாலும் அப்படியே சேர்த்தாச்சு. மின்தடை ஓம் அளவுக்கு மட்டும்தான்.

———

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். மின்சாரம் என்பதில் சாரம் வடசொல். மின்னறவை அடைப்புக்குறிக்குள்ளாவது போட்டிருக்கலாம்.