மறுஆய்வு வரைவு: உறைந்த கிளை என்று ஒன்று உண்டா?

வரைவுத்தச்சன்:
"மறுஆய்வுக்கு ஒரு கிளையைப் பிரித்து, அதை உறையவைத்து, சுட்டியை அனுப்பினால் போதும்" என்று, தொழில்நுட்பத் தர ஆவணங்களின் வரைவைப் பற்றி நேற்று ஒருவர் இங்கே அறிவுரை வழங்கியிருக்கிறார். கோப்புகளின் பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கருவியான கிட்டில் உறைந்த கிளை என்று ஒன்று கிடையாது. கிளை என்பது ஒரு கமிட்டை, அதாவது சேமித்த ஒரு பதிப்பை, காட்டும் பெயர் மட்டுமே. அடுத்த கமிட் வந்தால் பெயர் நகர்ந்துவிடும். மறுஆய்வுக்கு அனுப்ப வேண்டியது டேக்: ஒரு கமிட்டுக்கு இடும், தானாக நகராத பெயர்.

கிளைநிழல்:
அந்த "ஒருவர்" நான்தான்; பெயரைச் சொல்வதில் ஏன் இத்தனை கூச்சம்? கிட் களஞ்சியங்களை வைத்திருக்கும் தளமான கிட்ஹப்பில் கிளையைப் பூட்டும் அமைப்பு இருக்கிறது. பூட்டிய கிளை நகராது. தாங்கள் போற்றும் டேக் என்ன கல்வெட்டா? அதையும் ஒரே கட்டளையில் வேறு கமிட்டுக்கு மாற்றிவிடலாம்.

வரைவுத்தச்சன்:
அது கிட்ஹப்பின் பூட்டு, கிட்டின் பூட்டு அன்று. டேக்கை யாராவது மாற்றினால், முன்பே அதைப் பெற்று வைத்திருப்பவர் மீண்டும் ஃபெட்ச் செய்யும்போது (களஞ்சியத்திலிருந்து புதியவற்றை இறக்கும்போது), கிட் 2.20 முதல், அந்த மாற்றம் மறுக்கப்படும். கிளையோ ஓசையில்லாமல் புதிய இடத்துக்குப் போய்விடும். நான் தொகுத்த ஒரு வரைவில் நடந்ததைச் சொல்கிறேன். பிரிவு 4.2இன் மூன்றாம் பத்தியில் இருந்த 'மஸ்ட்' (கட்டாயம்) மிகக் கடுமையானது என்று ஒருவர் எழுதினார். இணைத் தொகுப்பாளர் அதே கிளையில் அதை 'ஷுட்' (தக்க காரணமின்றி விடலாகாது) என்று திருத்தினார். மறுநாள் அதே சுட்டியைத் திறந்த இன்னொருவர், அந்த 'ஷுட்' மிகத் தளர்வானது என்று எழுதினார். தர ஆவணச் சொற்களை வரையறுக்கும் ஆர்எஃப்சி 2119 அந்த இரு சொற்களுக்கும் 1997இலேயே வெவ்வேறு பொருள் வகுத்துவிட்டது. இருவரும் படித்தது ஒரே வரைவு என்று எந்த வாயால் சொல்வது?

நடுவரி:
இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் வரைவுகளில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. 00, 01 என்று எண்ணிட்டுச் சமர்ப்பிக்கிறார்கள். சமர்ப்பித்த எண்ணின் மேல் மறுபடி எழுத வழியில்லை. 185 நாளில் அது காலாவதியாகும். கிட்ஹப்பில் இருப்பது தொகுப்பாளரின் பிரதி மட்டுமே.

கிளைநிழல்:
ஆறு மாதம் என்றுதான் வரைவின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. 185 எங்கிருந்து குதித்தது?

நடுவரி:
அதே முகப்பில் காலாவதித் தேதியும் இருக்கிறது. சமர்ப்பித்த நாளிலிருந்து விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

வரைவுத்தச்சன்:
நாள் கணக்கை விடுங்கள். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தேதியிட்ட நிலையான முகவரி தனி, "அண்மைப் பதிப்பு" என்னும் நகரும் முகவரி தனி. தொகுப்பாளர் வரைவு இவ்விரண்டிலும் சேராதது. தன் ஆவணங்களை "வாழும் தரம்", அதாவது ஓயாமல் மாறுவது, என்று சொல்லிக்கொள்ளும் இன்னொரு வலைத்தர அமைப்பான வாட்விஜிகூட ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு நிலைப்படத்தை (அப்போதைய நிலையின் மாறாத பிரதியை) வைத்திருக்கிறது. ஆக, நகரும் பெயரை மட்டும் கொடுத்துக் கருத்துக் கேட்கும் பழக்கம் இவ்விரு இடங்களிலும் இல்லை.

கிளைநிழல்:
இத்தனை ஒழுக்கம் பேசுபவர்தான் சென்ற வெளியீட்டுக்கு முந்தைய இரவில் ரீபேஸ் செய்து (கமிட்டுகளைப் புதிதாக மாற்றி அடுக்கி), ஃபோர்ஸ் புஷ் அடித்து (பழையவற்றுக்குப் பதிலாக அவற்றை வலிந்து ஏற்றி), நான் கருத்திட்ட கமிட்டுகளையெல்லாம் கிளையிலிருந்து காணாமல் போகச் செய்தார். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா?

வரைவுத்தச்சன்:
அது என் சொந்தப் பணிக்கிளை. அதை மறுஆய்வுக்கு அறிவிக்கவே இல்லை. கேளாமலே வந்து படித்தது தாங்கள். தவிரவும், உறைந்த கிளை என்று ஒன்று கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நானே தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. நன்றி.

கிளைநிழல்:
அந்தக் கிளையைப் பூட்டியிருந்தால் தங்கள் ஃபோர்ஸ் புஷ் வாசலிலேயே நின்றிருக்கும். மீண்டும் சொல்கிறேன்: பூட்டிய கிளை நகராது.

வரைவுத்தச்சன்:
களஞ்சியத்தின் நிர்வாகி பூட்டைத் திறக்கும் வரை நகராது. அந்த நிர்வாகி யார் என்பது தங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நடுவரி:
எண்ணிப் பார்த்தீர்களா? 185.