சண்டையே இல்லாமல் பிரிவைக் காட்ட முடியுமாங்க?

நொய்யல்கரை: பனியன் கம்பெனி ஜோடி ஒன்று பிரிவதைக் குறும்படமாக எடுக்கிறேன். வசனம், அழுகை, மழை எதுவும் வேண்டாம். அப்புறம் எப்படிப் புரிய வைப்பது?

ஆனைமலையான்: புரிய வைக்க மெனக்கெடாதீங்க. அமெரிக்க இயக்குநர் மாயா டெரனும் கணவர் அலெக்சாண்டர் ஹமீதும் 1943இல் எடுத்த 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' குறும்படத்தைப் பாருங்க. சுமார் 14 நிமிடம், பேச்சே கிடையாது. தாங்கள் குடியிருந்த வீட்டிலேயே எடுத்தார்கள். சாவி கத்தியாகிறது. ஒரே பெண் மூன்று பேராக மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் தன்னோடு இருக்கும் ஆணின் முகத்தில் கத்தியை வீசுகிறாள். கண்ணாடிதான் உடைகிறது, உள்ளே கடல் தெரிகிறது. பிரிவுப் படம் என்று யாரும் சொல்வதில்லை, எனக்கு அப்படித்தான் படுகிறது. 1947இல் அவர்கள் விவாகரத்தும் ஆனார்கள். அதை வைத்துப் படத்துக்கு அர்த்தம் சொல்வது எனக்குப் பிடிக்காது.

நொய்யல்கரை: சாவி நம்மகிட்டயும் இருக்குங்க! அவளுக்குப் பகல் ஷிப்ட், அவனுக்கு நைட். லைன் வீட்டுச் சாவியை மீட்டர் பெட்டி மேலே வைத்துவிட்டுப் போவார்கள்.

ஆனைமலையான்: அது போதுமுங்க. அதே ஷாட்டைத் திரும்பத் திரும்பப் போடுங்க, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுருக்கி. பின்னணி இசை மட்டும் வேண்டாம். பனியன் தைக்கும் ஓவர்லாக் மெஷின் சத்தமே ஓடட்டும்.