சுவருக்கு வெளியே நிற்கும் தண்ணீர்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கெப்போங்கிலிருந்து

நான் 26 வருடம் கட்டுமான வேலையில் சூப்பர்வைசராக இருந்தவன். ஆனால் அஸ்திவாரத்தைச் சுற்றித் தண்ணீர் என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது ஓய்வுபெற்ற பிறகு, கனடாவில் வின்னிபெக் நகரத்தில் இருக்கும் என் அக்கா வீட்டில்தான்.

அக்கா வீட்டுப் பேஸ்மென்ட்டில், அதாவது தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் தளத்தில், ஒரு சுவரில் குறுக்கே நீளமாக ஒரு விரிசல். சுவர் நடுவில் உள்பக்கமாக லேசாக வயிறு தள்ளியிருந்தது. ஏப்ரலில் பனி உருகினால் போதும், தரைக் கம்பளம் நனைந்து வாடை அடிக்கும். முதலில் வந்த கான்ட்ராக்டர் உள்ளே நின்றபடியே விரிசலுக்குள் எபாக்ஸி என்ற கெட்டிப் பசையை ஏற்றிவிட்டுப் போனார். அடுத்த ஏப்ரலில் இரண்டு அடி தள்ளி ஈரம் கசிந்தது. அப்புறம்தான் வெளியே தோண்டுவது என்று முடிவெடுத்தார்கள். நான் போய்ச் சேர்ந்தது அந்த ஆகஸ்டில்.

வின்னிபெக் இருக்கும் இடம் பனியுகத்தின் கடைசியில் அகாசி என்ற பெரிய ஏரி கிடந்த படுகை. ஏரியின் அடியில் படிந்த களிமண்தான் இன்றைக்கு ஊரின் தரை. தண்ணீர் குடித்தால் ஊதும், கோடையில் காய்ந்தால் சுருங்கிச் சுவரை விட்டு விலகிவிடும். அக்கா வீட்டுச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் என் விரல்கள் தாராளமாக நுழைந்தன. கூரைத் தண்ணீர் நேராக அந்தப் பிளவுக்குள்தான் இறங்கியிருக்கிறது.

அங்கே வீடு கட்டும்போது ஆழமாகக் குழி தோண்டி, சுவர் எழுப்பி, பக்கத்து இடைவெளியை அதே மண்ணால் மூடிவிடுகிறார்கள். திரும்பப் போட்ட மண் தளர்வாக இருக்கும். சுற்றிலும் தொடாமல் விட்ட களிமண் தண்ணீரை விடாது. மண்சட்டிக்குள் வீட்டை உட்கார வைத்த மாதிரிதான். சட்டியில் 2 மீட்டருக்குத் தண்ணீர் நின்றால், சுவரின் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறக்குறைய 2 டன் அழுத்தம்.

குளிர்காலம் வந்தால் இன்னும் மோசம். தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பெருகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், ஆனால் கெடுதலின் பெரும்பகுதி அதிலிருந்து வருவதில்லை. உறையும் மண் கீழே இருக்கும் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சித் தனக்குள் பனித் தகடுகளை வளர்க்கிறது. அந்தத் தகடுகள் தடித்துக்கொண்டே போகும். சில நேரம் உறைந்த மண் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுவரையே மேலே தூக்கப் பார்க்கும். ஈரம் இல்லாத மண்ணில் இந்த வேலை நடக்காது. வெளியே வடிகால் வேண்டும் என்பதற்கு எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

சுமார் 2.4 மீட்டர் ஆழத்துக்கு, ஃபுட்டிங் வரை, அதாவது சுவரைத் தாங்கும் அடிக் கான்கிரீட் வரை தோண்டினார்கள். களிமண் சரிந்தால் ஆள் புதைந்துவிடுவார், அதனால் பக்கங்களைச் சரிவாக வெட்டிவிட்டுத்தான் உள்ளே இறங்கினார்கள். அடியில் பழைய வடிகால் இருந்தது. ஓர் அடி நீளச் சுட்ட மண் குழாய்களை, மூட்டுகளில் சின்ன இடைவெளி விட்டு வரிசையாக வைத்திருந்தார்கள். அங்கே அதற்குப் பெயர் வீப்பிங் டைல். குழாய்க்குள் சேறும், வாசலில் நிற்கும் எல்ம் மரத்தின் வேரும் அடைத்துக் கிடந்தன. அது பல வருடமாகவே வேலை செய்யவில்லை.

சுவரைக் கழுவி, விரிசலை அடைத்து, ரப்பர் மாதிரியான பூச்சு பூசினார்கள். அதன்மேல் குமிழ் குமிழாக இருக்கும் பிளாஸ்டிக் தகடு. சுவரை நோக்கி வரும் தண்ணீர் அந்தக் குமிழ்களின் இடைவெளியில் கீழே ஓடிவிடும். அடியில் மண் கலக்காத சல்லி, அதற்குள் 4 அங்குல ஓட்டைக் குழாய், எல்லாவற்றையும் சுற்றி வடிகட்டித் துணி. குழாயின் ஓட்டைகள் கீழ்ப்பக்கம் பார்த்து இருந்ததைக் கண்டு, தலைகீழாகப் போட்டுவிட்டார்களோ என்று பதறி நானே போய்க் கேட்டேன். தண்ணீர் மேலேயிருந்து ஊற்றுவதில்லை, கீழேயிருந்து ஏறி வருகிறது, ஏறும்போதே பிடிக்க வேண்டும் என்றார் மேஸ்திரி. இன்னொன்றும் சொன்னார்: ஃபுட்டிங்கின் அடிமட்டத்துக்குக் கீழே ஓர் அங்குலம்கூடத் தோண்டக் கூடாது, வீட்டின் பாதத்துக்கு அடியில் இருக்கும் மண் தளர்ந்துவிடும்.

குழாய் போய்ச் சேர்வது பேஸ்மென்ட் தரையில் இருக்கும் ஒரு குழிக்கு. அங்கேயிருந்து மோட்டார் வெளியே தள்ளும். மேலே கடைசி அடுக்காகக் களிமண்ணையே போட்டு, வீட்டை விட்டு விலகிச் சரியும்படி அழுத்தினார்கள். முதல் 10 அடிக்குள் 6 அங்குலமாவது இறங்க வேண்டுமாம்.

திரும்பி வந்ததும் கோலாலம்பூர் கெப்போங்கில் என் தெரஸ் (வரிசை) வீட்டுப் பின்பக்கம் போய் நின்றேன். எங்கள் சமையலறை, பின்னால் இழுத்துக் கட்டியது. சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சாயம் பொரிந்து உதிரும். இரண்டு தடவை உள்ளே வாட்டர்புரூஃப் சாயம் அடித்திருக்கிறேன். இப்போது பார்த்தால் வெளித்தரை சுவரை நோக்கிச் சரிந்திருக்கிறது, மழைக்குழாய் அங்கேயே கொட்டுகிறது. இழுத்துக் கட்டிய பகுதி மெல்ல அமிழ்ந்து, பழைய சுவரோடு சேரும் இடத்தில் வாய் பிளந்திருக்கிறது. மண்ணுக்குள் ஆழமாகப் பைல் தூண்களை இறக்காமல் நிரப்பு மண்மேல் கட்டினால் நம் தாமான் (குடியிருப்பு) வீடுகளில் இது அடிக்கடி நடப்பதுதான். இத்தனை வருடம் வேலை பார்த்தும் என் வீட்டுக்கே நான் இதைச் செய்யவில்லை என்பது இன்னும் மனதை உறுத்துகிறது.

தரையை உடைத்து, வெளிப்பக்கம் சரியும்படி மறுபடி போட்டு, சுவரோரம் சல்லியும் ஓட்டைக் குழாயும் வைத்துப் பின்பக்க லோங்காங்கில் (மழைநீர்க் கால்வாயில்) சேர்த்துவிட்டேன். சுவர் காய நான்கு மாதம் பிடித்தது.

உங்கள் வீடுகளில் நடந்ததையும் எழுதுங்கள்.

ஆயர் ஈத்தாமிலிருந்து

அண்ணா, எங்களுக்குப் பேஸ்மென்ட் இல்லை, ஆனால் வீட்டுக்குப் பின்னால் மலைச் சரிவும் தடுப்புச் சுவரும் இருக்கின்றன. சுவரில் இருந்த கசிவுத் துளைகளை எங்களுக்கு முன்பு குடியிருந்தவர் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டார். சேற்றுக் கறை வழிகிறதே என்று செய்திருப்பார். நாங்களும் சுவர் சுத்தமாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டோம்.

2017 நவம்பர் 4-ஆம் தேதி ராத்திரி பினாங்கில் பெய்த மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான், அக்டோபர் 21-இல், தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 பேர் இறந்திருந்தார்கள். அந்தப் பயம் இருந்ததால், விடியும்போது சுவர் வயிறு தள்ளி நின்றதைப் பார்த்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டேன்.

வந்து பார்த்த பொறியாளர் முதலில் கை வைத்தது அந்தத் துளைகளில்தான். ஒன்றைத் துளைத்ததும் தண்ணீர் பீச்சியடித்தது. சுவருக்குப் பின்னால் நிற்கும் தண்ணீரின் உயரம் இரண்டு மடங்கானால், அது சுவரைத் தள்ளும் மொத்த பலம் நான்கு மடங்காகும் என்று விளக்கினார். பிறகு பின்பக்க மண்ணை எடுத்து, துணியும் சல்லியும் வைத்து, துளைகளைத் திறந்துவிட்டார்கள். சுவரில் இப்போது கறை வழிகிறது. வழியட்டும்.

அம்பாங்கிலிருந்து

தங்கச்சி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினது நல்ல காரியம். 1993 டிசம்பர் 11, உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேரின் உயிர் போய்விட்டது. பின்னால் இருந்த சரிவில் ஓடையைக் குழாயில் திருப்பிவிட்டிருந்தார்கள், வடிகால் சரியில்லை, தடுப்புச் சுவர்கள் உடைந்தன. அந்தச் சாலை வழியாகப் போகும்போதெல்லாம் மீதி இரண்டு கட்டடங்களைப் பார்ப்பேன். என்னால் இதற்குமேல் எழுத முடியவில்லை.

செராசிலிருந்து

அண்ணே, நமக்குப் பனியே கிடையாதே, வின்னிபெக்கில் செய்தது இங்கே எவ்வளவு பொருந்தும்? அப்புறம் ஓட்டைக் குழாய் மறுபடி அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? மறுபடி தோண்டணுமா?

கெப்போங்கிலிருந்து

தம்பி, நல்ல கேள்வி. அங்கே வருடத்துக்குச் சுமார் 500 மில்லிமீட்டர்தான் மழையும் பனியும் சேர்ந்து. கோலாலம்பூரில் 2,400-க்கு மேல். அவர்கள் கவலை, உறையும் ஆழம் வரை மண்ணில் ஈரம் தங்கக் கூடாது என்பது. நம் கவலை, ஒரு மணி நேரத்தில் கொட்டுகிற மழையை உடனே வெளியேற்றுவது. அதனால் இங்கே மேல்தரையின் சரிவு, மழைக்குழாய், லோங்காங் மூன்றையும் முதலில் சரி பண்ணுங்கள். கூரைத் தண்ணீரை அந்த ஓட்டைக் குழாயில் இணைத்துவிடாதீர்கள். அது வேகமாக வந்து குழாயை நிரப்பி, ஓட்டைகள் வழியாகச் சுவரோரமே திரும்ப வெளியேறும். கூரைக்குத் தனிக் குழாய் வேண்டும்.

அடைப்புக்காக மறுபடி தோண்ட வேண்டாம். போடும்போதே ஒவ்வொரு மூலையிலும் குழாயை மேலே நிமிர்த்தி, மூடி போட்டு விட்டுவிடச் சொல்லுங்கள். நான் மார்ச்சிலும் அக்டோபரிலும், மழை கூடுவதற்கு முன்னால், மூடியைத் திறந்து ஹோஸ் வைத்து அடித்துவிடுகிறேன். லோங்காங் பக்கம் முதலில் கலங்கலாக வரும், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும்.