டிரைவர் பக்க ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் தேங்குகிறது – ஓட்டை போடலாமா?

வேளச்சேரிவாசி:
வணக்கம் நண்பர்களே. 2016 மாடல் ஹேட்ச்பேக், எச்4 பல்ப் போடும் சாதாரண ஹெட்லைட். போன வார மழைக்கு அப்புறம் வலது பக்க டூம் (ஹெட்லைட் கூடு) மங்கலாகவே இருக்கிறது. இன்று காலையில் குனிந்து பார்த்தேன். கண்ணாடியின் உட்புறம் முத்து முத்தாகத் துளிகள். அடிமூலையில் ஒரு ஸ்பூன் அளவு தண்ணீர், வண்டியை அசைத்தால் அதுவும் ஆடுகிறது. இடது பக்கம் நன்றாகக் காய்ந்திருக்கிறது. வாட்டர் வாஷ் கடையில் டூமுக்கு அடியில் சின்ன ஓட்டை போட்டால் வடிந்துவிடும் என்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் சிலிகா ஜெல் பொட்டலம் போடச் சொல்கிறார். அப்பாவை வாரம் மூன்று நாள் விடிவதற்கு முன்பே டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறேன், வெளிச்சம் பாதிதான் விழுகிறது. எதைச் செய்வது?

பழைய பானெட்:
ஓட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள் தம்பி. தண்ணீர் வடிகிற வழியாகவே சேறும் ஏறும்.

ஹெட்லைட் முழுக்க அடைத்த பெட்டி இல்லை. பல்ப் எரிந்தால் உள்ளே காற்று சூடாகி விரியும், அணைத்தால் சுருங்கும். அந்தக் காற்று போய்வரப் பின்பக்கம் சின்னத் துவாரம் வைத்திருப்பார்கள். சில டூமில் வளைந்த ரப்பர் குழாய், சிலவற்றில் மெல்லிய சவ்வு ஒட்டிய மூடி. அதனால் மழைநாளில் லேசாக ஆவி படிவது சகஜம், லைட்டைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டினால் போய்விடும். உங்களுடையது அப்படி இல்லை. தண்ணீர் தேங்குகிறது, அதுவும் ஒரு பக்கம் மட்டும். எங்கோ ஒழுகுகிறது. சமீபத்தில் பல்ப் மாற்றினீர்களா?

வேளச்சேரிவாசி:
ஆமாம் அண்ணா, மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு கடையில் இரண்டு பக்கமும் எல்இடி போட்டார்கள்.

பழைய பானெட்:
அப்படியென்றால் பானெட்டைத் திறந்து, பல்புக்குப் பின்னால் இருக்கும் வட்ட ரப்பர் கவரைப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாது.

வேளச்சேரிவாசி:
பார்த்துவிட்டேன். இடது பக்கம் சரியாக உட்கார்ந்திருக்கிறது. வலது பக்கம் எல்இடியின் ஃபேன் இடித்து ரப்பரின் உதடு கிழிந்திருக்கிறது. கிழிசல் மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருக்கிறார்கள். டேப்பின் பசை இளகி, ஒரு முனை தொங்குகிறது. விரல் நுனி உள்ளே போகிறது.

கொடைரோடு டிரைவர்:
அதுதான் வழி. நானும் ஒரு தடவை பாத்ரூம் வேலைக்கு வாங்கிய சிலிகானைப் பூசி அடைத்தேன். காய்கிற வரைக்கும் வினிகர் வாசனை வருமே, அந்த அமில ஆவி உள்ளே ரிஃப்ளெக்டரின் பளபளப்பைத் தின்றுவிட்டது. டூமையே மாற்ற வேண்டியதாயிற்று. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிலிகா ஜெல்லும் வேண்டாம், கொஞ்ச நேரத்தில் ஊறி நிறைந்துவிடும். பொட்டலம் பல்பில் பட்டால் கருகவும் செய்யும்.

பழைய பானெட்:
உண்மை. புது ரப்பர் கவர் தனியாகவே கிடைக்கும், பெரிய விலை இல்லை. ஆனால் உள்ளே காயாமல் மாட்டினால் ஈரத்தை வைத்து மூடியது போலாகிவிடும். பல்பில் செருகியிருக்கும் வயர் கப்ளரைக் கழற்றி, கம்பிக் கிளிப்பை விலக்கி, பல்பை எடுத்துவிடுங்கள். முடிந்தால் டூமையே கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டி, பின் ஓட்டையைத் திறந்தபடி வெயிலில் வையுங்கள். வெயில் இல்லை என்றால் ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். டூமின் முன்கண்ணாடி என்று நாம் சொல்வது பாலிகார்பனேட் பிளாஸ்டிக், அதிகச் சூட்டில் பாழாகும். காற்றுத் துவாரத்தில் சேறோ சிலந்திக் கூடோ இருந்தால் எடுத்துவிடுங்கள், அதை மட்டும் எதனாலும் அடைக்கக் கூடாது.

இன்னொன்று. முடிந்தால் பழைய ஹாலஜனுக்கே திரும்புங்கள். ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55 வாட்; அதில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது, அந்தச் சூடுதான் ஆவியை விரட்டும். எல்இடி தன் சூட்டைப் பின்னால் தள்ளுவதால் முன்கண்ணாடி குளிர்ந்தே கிடக்கும். ஹாலஜனுக்கு வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் எல்இடியின் ஒளியும் சிதறி எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். மாட்டும்போது பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது.

வேளச்சேரிவாசி (நான்கு நாள் கழித்து):
அண்ணா, ரப்பர் மாற்றி ஹாலஜனே போட்டுவிட்டேன். இரண்டு மழை பார்த்தாயிற்று, உள்ளே ஒரு துளி இல்லை. இன்று காலை அப்பாவே 'ரோடு நல்லா தெரியுதுப்பா' என்றார். ரிஃப்ளெக்டரின் அடியில் மட்டும் தண்ணீர் நின்ற இடத்தில் வெள்ளைத் தடம் இருக்கிறது. துடைக்கலாமா?

பழைய பானெட்:
தொடாதீர்கள். அது மெல்லிய அலுமினியப் பூச்சு, துணி பட்டாலே உரிந்துவரும். டூமைக் கழற்றி மாட்டியிருந்தால் சாயங்காலம் சுவருக்கு எதிரே நிறுத்தி, இரண்டு பக்க வெளிச்சமும் ஒரே உயரத்தில் விழுகிறதா பாருங்கள். வலது பக்கம் ஏறியிருந்தால் பின்னால் உள்ள திருகில் இறக்கிவிடுங்கள்.